மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

சென்ற இதழில் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறுக்கான மருந்துகளைப் பற்றி வந்த கட்டுரைக்கு இது எதிர்வினை. எழுதியவர் மூத்தவர். அவருடைய கட்டுரைகள் பலவற்றைக் கத்தரித்து வைத்துப் படித்தவன் நான். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று மாத்திரையோடு திரிகிறார்கள். கவனத்துக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று, பதற்றத்துக்கு ஒன்று. பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்பது நேற்று முளைத்த மோகம். ஒரே மண்டைக்குள் மூன்று மருந்தைக் கொட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் இன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு விடியற்காலையில் எழுந்து நடக்க வேண்டும்.

நான் அதே ஊரில், மெடிக்கல் காலேஜுக்குப் போகும் வழியில், மருந்துக் கடையில் நிற்கும் பார்மசிஸ்ட். சொந்த ஊர் நாகர்கோவில். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் தினமும் என் முன்னால் சீட்டை நீட்டுபவர்கள். கட்டுரை வெளியான சில நாட்களிலேயே அதன் விளைவும் என் கடைக்கு வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பக்கம் பக்கமாக மருந்தைத் திட்டும் அந்தக் கட்டுரையில் ஒரு மருந்தின் பெயராவது இருக்கிறதா? இல்லை. எந்த மருந்தோடு எது சேரக்கூடாது, எவ்வளவு மில்லிகிராமில் ஆபத்து, யாருக்கு ஆபத்து, எதுவும் இல்லை. ‘ரசாயனம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறார். மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் என்பது உண்மை. அந்த மோதலால் உயிரே போகலாம் என்பதும் உண்மை. அப்படி ஓர் ஆபத்தைப் பேச வந்தவர் அது எங்கே இருக்கிறது என்று காட்டாமல் போனது பெரிய பொறுப்பின்மை.

‘நேற்று முளைத்த மோகம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் கோதமங்கலத்தில் பீஸ் வேலி அமைப்பின் விழாவில் நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு 41 வயதில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டதைச் சொன்னார். ‘விக்ரம்’, ‘மாமன்னன்’ பார்த்த தமிழ்நாட்டிலும் அந்தச் செய்தி பரவியது. அந்த மேடைப் பேச்சுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் இந்தக் கோளாறு தொற்றிக்கொண்டது என்கிறார் கட்டுரையாளர். பேச்சைக் கேட்டுச் சந்தேகம் வந்து டாக்டரிடம் போனவர்கள் உண்டு. என் கடைக்கு வருபவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம், ‘உங்களுக்கு அது இல்லை, தூக்கம்தான் கெட்டிருக்கிறது’ என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியதும் உண்டு. ஒருவர் வெளியில் சொன்னதால் இன்னொருவர் பரிசோதனைக்குப் போனால் அதில் என்ன கேடு?

கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798-லேயே எழுதிவிட்டார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். இன்று பரவலாகத் தரப்படும் மெத்தில்பெனிடேட்டை லியாண்ட்ரோ பனிசான் 1944-ல் தயாரித்தார். கட்டுரையாளர் பிறப்பதற்கு முன்பே இருந்த மருந்தை நேற்று வந்தது என்று எழுதுகிறார். பெரியவர்களுக்கு இதைக் கண்டறியக் கறாரான அளவுகோல் உண்டு: 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் டாக்டர் பழைய மார்க் ஷீட்டைக் கொண்டுவரச் சொல்கிறார், அம்மாவைக் கூட்டிவரச் சொல்கிறார். முப்பது வயதில் திடீரென்று கவனம் சிதறினால் தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு, குடி என்று வேறு காரணங்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

இனி, ஒருவருக்கு ஏன் மூன்று மாத்திரை? அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு அதே ஆண்டில் பதற்றக் கோளாறும் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறும் இருந்தன. அதாவது, சேர்ந்து வருவதுதான் சகஜம். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கரண்ட் பில் கட்டப் பணம் கையில் இருக்கிறது, போனும் கையில் இருக்கிறது, கடைசித் தேதியும் தெரியும்; இருந்தும் கட்டாமல் விட்டு, கே.எஸ்.இ.பி. ஊழியர் வந்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு வீட்டில் எல்லோரும் கூடி நின்று திட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஆபீசில் அதே கதை. கல்யாணத்தில் அதே கதை. பள்ளிக்கூடத்திலிருந்து ‘சோம்பேறி’ என்று கேட்டே வளர்ந்தவருக்கு முப்பது வயதில் மனம் சோர்ந்து போகாவிட்டால்தான் ஆச்சரியம். அடுத்து எதைக் கோட்டை விடப்போகிறோமோ என்று எந்நேரமும் வயிற்றைக் கலக்கினால் அதற்குப் பெயர்தான் பதற்றம். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மனம் கொஞ்சம் எழும். கட்டாத பில்லும் முடிக்காத வேலையும் அப்படியே கிடக்கும். இரண்டு மாதத்தில் மனம் மறுபடி விழும். கவனத்துக்கு மட்டும் கொடுத்தால், படுக்கையை விட்டே எழ முடியாதவருக்கு அந்தக் கவனத்தால் பயன் இல்லை. எது முற்றியிருக்கிறதோ அதை முதலில் பிடிப்பதுதான் முறை. சாக வேண்டும் என்ற எண்ணம் வரும் அளவுக்குச் சோர்வு இருந்தால் கவன மருந்து காத்திருக்கும்.

ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதிப்பது போல என்று கட்டுரையாளர் உவமை சொல்கிறார். படிப்பவர் மனதில் பச்சென்று ஒட்டும் உவமை. உடம்புக்குள் நடப்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. மெத்தில்பெனிடேட் நரம்பு முனைகளில் டோபமைனும் நார்அட்ரினலினும் உடனே உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை செரோடோனினுக்கு அதையே செய்கின்றன. எஸ்சிடலோபிராம் யாரையும் பிரேக் போட்டு நிறுத்துவதில்லை. ஒன்று முன்னே தள்ளி மற்றொன்று பின்னே இழுக்கும் ஏற்பாடே அங்கே கிடையாது.

சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தென்கொரியாவில் ஏ.டி.எச்.டி.யும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். மெத்தில்பெனிடேட் மட்டும் எடுத்தவர்களையும், அதோடு செரோடோனின் வகை மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டதில், சேர்த்து எடுத்தவர்களுக்குப் பாதிப்புகள் கூடவில்லை. பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதுவே கடைசி வார்த்தை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரையாளரின் கையில் இதற்கு எதிராக என்ன இருக்கிறது? ஓர் உவமை. அவ்வளவுதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பதற்றக் கோளாறு கூடவே இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே ஏ.டி.எச்.டி. மருந்துகளைத் தரலாம் என்கிறது. ஸ்வீடனில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட 1,48,578 பேரைப் பற்றிய ஆய்வு 2024-ல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள், மருந்து தொடங்கியவர்களில் 10,000-க்கு 39 பேர். தொடங்காதவர்களில் 48 பேர். மருந்தைக் குப்பையில் போடச் சொன்னவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

மருந்துக்குப் பாதகமே இல்லையா? இருக்கிறது. பசி குறையும், தூக்கம் கெடும், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். சிலருக்குப் பதற்றம் கூடும். பல ஆண்டுகள் எடுத்தால் ரத்த அழுத்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று 2023-ல் அதே ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான் மருந்து தொடங்கும் முன்பும் தொடங்கிய பின்பும் பி.பி. பார்க்கிறார்கள். இருமுனைக் கோளாறு இருக்கிறதா என்று விசாரிக்காமல் இவற்றைத் தொடங்கக்கூடாது. இல்லையென்றால் உற்சாகம் எல்லை மீறிப் போகலாம்.

கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது என்ன என்பதை ஒரு சீட்டைக் காட்டிச் சொல்கிறேன். சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் ஒருநாள் பி.பி. மாத்திரை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வந்தார்.

“அண்ணா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. வாய் காஞ்சு போகுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.”

வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து இரண்டு சீட்டு வந்தது, இரண்டு வேறு இடங்களிலிருந்து. ஒன்றில் கவனத்துக்கான அடோமாக்செட்டின் 80 மில்லிகிராம். மற்றொன்றில் மனச்சோர்வுக்கான பாராக்செட்டின்.

“ஒரு டாக்டர் தர்ற மருந்து இன்னொருத்தருக்குத் தெரியுமா?”

“சொல்லல அண்ணா. ரெண்டு எடத்துக்குப் போறேன்னு தெரிஞ்சா திட்டுவாங்களோன்னு…”

அடோமாக்செட்டினை ஈரலில் உடைத்து வெளியேற்றுவது சிஒய்பி2டி6 என்ற நொதி. பாராக்செட்டின் அந்த நொதியையே முடக்கிவிடும். அப்போது உடலில் அடோமாக்செட்டினின் மொத்த அளவு ஆறு முதல் எட்டு மடங்கு வரை ஏறலாம். சீட்டில் 80 என்று இருக்கும். உடம்புக்கு அது பல மடங்காகத் தெரியும். மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளூயாக்செட்டினும் புப்ரோபியானும் இதே நொதியில்தான் கை வைக்கின்றன. அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, சீட்டு எழுதிய டாக்டர்களில் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் அன்றே வரச்சொல்லி அடோமாக்செட்டின் அளவைக் குறைத்தார். பாராக்செட்டினைப் படிப்படியாக இறக்கி, அந்த நொதியோடு அதிகம் மோதாத வேறொன்றுக்கு மாற்றினார். அந்தப் பெண் இன்றும் இரண்டு மருந்து எடுக்கிறார். நெஞ்சு படபடப்பு இல்லை. கடைக் கணக்கைத் தானே பார்க்கிறார்.

சேர்க்கைதான் குற்றவாளி என்றால் இந்தப் பெண் இரண்டையும் விட்டிருக்க வேண்டும். பிரச்சினை சேர்த்ததில் இல்லை. இருவர் எழுதிக் கொடுத்ததை ஒருவர்கூடச் சேர்த்துப் பார்க்காததில் இருந்தது. அவர் ஏன் மறைத்தார்? மனநல டாக்டரிடம் போவதை இன்னும் இந்த ஊர் ஊளம்பாறையை வைத்தே பேசுகிறது. 1870-ல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக் கேலி செய்வது போல இங்கே ஊளம்பாறையைச் சொல்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் சீட்டுகள் பைக்குள்ளேயே கிடக்கின்றன. கட்டுரையாளரின் எழுத்து அந்தப் பயத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டிருக்கிறது.

எழுத நினைத்திருந்தால் இன்னும் எத்தனையோ இருந்தன. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் முதுகுவலிக்கு டிராமடால் வாங்கிப் போட்டால் வலிப்பு வரலாம், செரோடோனின் அளவு கண்டபடி எகிறலாம். மெத்தில்பெனிடேட் எடுப்பவர் மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றும். எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்தோடு மெத்தில்பெனிடேட்டையோ அடோமாக்செட்டினையோ சேர்க்கவே கூடாது. இடையில் 14 நாள் இடைவெளி வேண்டும். பதற்றத்துக்கு என்று எவரோ எப்போதோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலத்தை ஆண்டுக்கணக்கில் அரை அரையாக விழுங்கி, ஞாபகமும் கவனமும் மந்தமாகி, அந்த மந்தத்தை ஏ.டி.எச்.டி. என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் ஒரு வீட்டுக்காவது உபயோகப்பட்டிருக்கும்.

எம்.டி.எம்.ஏ. என்ற போதைப் பொருளுக்கு இந்தக் கவன மருந்து ஒன்றுவிட்ட தம்பி என்று கட்டுரையில் ஒரு வரி. கேரளம் போதைப் பொருளோடு போராடிக்கொண்டிருக்கிறது. போலீஸ் 2025-ல் ‘ஆபரேஷன் டி-ஹண்ட்’ என்று வீதிவீதியாகத் தேடுதல் நடத்திய மாநிலம் இது. இந்தச் சூழலில் ஒரு நோயாளியின் பையில் இருக்கும் மாத்திரையை எம்.டி.எம்.ஏ.வோடு சேர்த்துப் பேசினால், அந்தப் பையைத் திறந்து பார்க்கும் அப்பாவுக்கு என்ன தோன்றும்? மெத்தில்பெனிடேட்டைத் தவறாகப் பயன்படுத்த முடியும், மறுக்கவில்லை. அதனால்தான் அது மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றை நான் வாங்கி இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தைத் தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். தனி உரிமம் வேண்டும். இவ்வளவு தொந்தரவு எதற்கு என்று பல கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு அட்டை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கொள்ளை லாப வியாபாரம் என்று எழுதுவதற்கு முன் ஒரு கடையிலாவது கேட்டிருக்கலாம். செயலியில் பத்து நிமிடம் பேசினால் சீட்டு கிடைத்துவிடும் என்று அவர் எழுதியதும் தவறு. தொலைமருத்துவத்துக்கான 2020 வழிகாட்டுதல் அட்டவணை எக்ஸ் மருந்துகளை அப்படி எழுதத் தடை விதித்திருக்கிறது. மீறுகிற டாக்டர் யாரையாவது அவருக்குத் தெரிந்தால் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதட்டும். அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சிறுவயதில் இந்த ஊக்கமருந்துகளை எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளை 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். எடுத்ததால் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடவில்லை.

நடைப்பயிற்சி பற்றி எனக்கு வழக்கில்லை. நடக்கட்டும், மனநல ஆலோசனைக்கும் போகட்டும், இரண்டும் உதவும். நட என்று சொல்ல மருந்தை விடு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த விளைவுக்கு வருகிறேன். கட்டுரை வந்த சில நாட்களில், நாகர்கோவிலிலிருந்து வந்து கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். எனக்குத் தெரிந்த பையன். கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, தலை சுத்துதுக்கு ஏதாவது குடுங்க. கண்ணைத் திருப்பினா மண்டைக்குள்ள ஷாக் அடிக்க மாரி இருக்கு.”

“மாத்திரை ஒழுங்கா எடுக்கியா தம்பி?”

“எல்லாத்தையும் நிறுத்தியாச்சு அண்ணாச்சி. அப்பா அந்தக் கட்டுரைய வாட்ஸப்புல அனுப்பினாவ. இனி தொடப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ.”

அவன் எடுத்துக்கொண்டிருந்ததில் ஒன்று வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து. திடீரென்று நிறுத்தினால் மிக மோசமாகத் திருப்பி அடிக்கும் மருந்துகளில் அதுவும் பாராக்செட்டினும் முன்வரிசை. தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி, எரிச்சல், தூக்கமின்மை, சில சமயம் பழைய சோர்வு இரண்டு மடங்காக. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் கலங்கியது. கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். இன்று பரவாயில்லை.

‘இன்றைக்கே நிறுத்துங்கள்’ என்று அச்சில் எழுதியவருக்கு அதைப் படிப்பவர் பையில் எந்த மருந்து இருக்கிறது என்று தெரியுமா? அல்பிரசோலத்தை நெடுநாள் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். குளோனிடினை அப்படி நிறுத்தினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். மனச்சோர்வு மருந்தை வெட்டினால் எந்த எண்ணத்திலிருந்து ஒருவரை மீட்டு வைத்திருக்கிறோமோ அதே எண்ணம் திரும்பி வரலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் லட்சம் பேருக்குத் தற்கொலை இந்தியாவில் 12.4. கேரளத்தில் 28.5. தமிழ்நாடும் அதிகம் பின்னால் இல்லை. இந்த இரண்டு மாநிலங்களிலும் படிக்கப்படும் பத்திரிகையில் அந்த வரி அச்சேறியிருக்கிறது.

கட்டுரையாளருக்கு மருந்தின் மேல் சந்தேகம் இருக்கலாம், கம்பெனிகளின் மேல் கோபம் இருக்கலாம். எழுதட்டும், படிக்கிறேன். முன்பின் பார்த்திராத ஒருவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை, எனக்கும் இல்லை. மருந்தை நிறுத்தச் சொன்ன பத்தியை அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும். ஆசிரியரும் அதைச் சின்ன எழுத்தில் மூலையில் போடாமல், கட்டுரை வந்த அதே இடத்தில் போட வேண்டும்.

மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக டாக்டரிடம் சொல்லுங்கள். குறைத்து இறக்க வழி இருக்கிறது. எங்கே போனாலும் எல்லாச் சீட்டையும் கொண்டு போங்கள், சளி மாத்திரை, வலி மாத்திரை, லேகியம் உட்பட. யாரும் திட்டமாட்டார்கள், திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள். மனம் தாங்காத இரவாக இருந்தால் டெலி மானஸ் 14416, கேரளத்தில் திசா 1056. இரண்டும் இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.